பச்சிளம் பிள்ளையின் தெறிவினைகள்: கொழும்புப் பெற்றோருக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

பிள்ளைக்கு ஆறு மாதம் தாண்டிவிட்டது. கிளினிக்கில் பார்த்தவர், "மோரோ (திடுக்கிட்டுக் கைகளை விரிக்கும் தெறிவினை) இன்னும் அடங்கவில்லை, ஒரு தடவை பெரிய டொக்டரிடம் காட்டுங்கள்" என்று துண்டு எழுதித் தருகிறார். இன்னொரு வீட்டில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகன் எழுத்தில் பின்தங்குகிறான். "சின்ன வயது ரிஃப்ளெக்ஸ் உடம்பில் தங்கிவிட்டது, அதைச் சரிசெய்தால் படிப்பு தானாக வரும்" என்று ஒருவர் சொல்லி, பக்கேஜ் விலையையும் சொல்கிறார். இரண்டு வீட்டிலும் அன்றிரவு யூடியூப்தான் ஓடும்.

முதல் வீட்டார் தாமதிக்காமல் போக வேண்டும். இரண்டாவது வீட்டார் பணம் கட்டுவதற்கு முன் நிதானிக்க வேண்டும். எந்த வீடு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்வதற்கே இந்த வழிகாட்டி. நான் வைத்தியர் இல்லை. பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடம்பின் அசைவு கட்டுக்குள் வராத நிலை) உள்ள மகளோடு பல வருடங்களாகக் கொழும்பின் சிகிச்சை அறைகளில் உட்கார்ந்திருக்கும் தாய். புதிதாக வருகிற பெற்றோர் வாங்கில் பக்கத்தில் இருந்து கேட்கிற கேள்விகளையே இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

படி 1: எது வரும், எது அடங்கும்

ரிஃப்ளெக்ஸ் என்று தெரபிஸ்ட் சொல்வது நாம் பள்ளியில் படித்த தெறிவினைதான். யோசிக்காமல், கற்றுக்கொள்ளாமல் உடம்பு தானாகச் செய்யும் அசைவு. பிறந்த பிள்ளையின் அசைவுகளைப் பெரும்பாலும் நடத்துவது மூளைத்தண்டும் முண்ணாணும். மாதங்கள் போகப் போக மூளையின் மேற்பட்டை வளர்ந்து பொறுப்பை எடுத்துக்கொள்ளும். பழைய தெறிவினைகள் அதன் கட்டுப்பாட்டுக்குள் அடங்கிவிடும். அடங்குகின்றனவே தவிர அழிவதில்லை. வயதான காலத்தில் மறதி நோயோ, மூளையின் முன்பகுதியில் பாதிப்போ வந்தவர்களிடம் கையைப் பற்றும் தெறிவினை திரும்ப வருவதை நரம்பியல் வைத்தியர்கள் அடிக்கடி காண்கிறார்கள்.

பெற்றோர் தெரிந்திருக்க வேண்டியவை பத்துப் பதினொன்றுதான்.

மோரோ: தலை சற்றுப் பின்னால் சரிந்தாலோ திடீர்ச் சத்தம் கேட்டாலோ இரண்டு கைகளும் அகல விரியும், பிறகு கட்டிப்பிடிப்பது போல உள்ளே வரும், கூடவே அழுகையும். எர்ன்ஸ்ட் மோரோ என்ற குழந்தை வைத்தியர் 1918இல் விவரித்ததால் அந்தப் பெயர். நான்கு மாதமளவில் குறையத் தொடங்கி ஆறு மாதத்துக்குள் அடங்கும். வீட்டில் அம்மம்மா "பிள்ளை பயந்திட்டுது" என்று திருநீறு பூசுவார். கொச்சிக்கடை அந்தோனியாரிடம் கொண்டுபோகிறவர்களும் உண்டு. அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் முதல் மாதங்களில் இரண்டு கையும் ஒரே மாதிரி விரிவது நரம்புகள் நன்றாக வேலை செய்வதன் அடையாளம் என்பதையும் அம்மம்மாவுக்குச் சொல்லுங்கள். அவர் பயம் குறையும்.

கன்னத்தைத் தொட்டால் அந்தப் பக்கம் வாயைத் திருப்பித் தேடுவதும், வாயில் பட்டதை உறிஞ்சுவதும் பாலுக்கானவை. தேடல் நான்கு மாதமளவில் மங்கிவிடும். உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுக்கிப் பிடிப்பது ஐந்தாறு மாதம் வரை இருக்கும். பாதத்தின் முன்பகுதியை அழுத்தினால் கால்விரல்கள் மடங்குவது ஒரு வயதுக்குக் கிட்ட வரை. முதுகெலும்புக்கு ஒரு பக்கமாகத் தடவினால் இடுப்பு அந்தப் பக்கம் வளைவதைக் கலான்ட் தெறிவினை என்பார்கள். அதுவும் பெரும்பாலும் அரை வயதுக்குள் போய்விடும். உள்ளங்காலின் ஓரத்தை உரசினால் பெருவிரல் மேலே நிமிர்வது பபின்ஸ்கி. இரண்டு வயதுக்குள் இதைக் கண்டு கலவரப்பட வேண்டாம்.

கழுத்துத் தெறிவினைகள் இரண்டையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், சிகிச்சை அறையில் அதிகம் பேசப்படுபவை அவைதான். பிள்ளை மல்லாந்து கிடக்கும்போது தலை வலப்பக்கம் திரும்பினால் வலது கையும் காலும் நீண்டு, இடது கையும் காலும் மடங்கும். வாள் வீசுகிற நிலை என்பார்கள். தெரபிஸ்ட்டின் தாளில் ஏ.டி.என்.ஆர். என்று இருக்கும். ஆறு மாதத்துக்குள் அடங்க வேண்டும். அது அடங்கினால்தான் பொருளைப் பார்த்தபடியே கையை வாய்க்குக் கொண்டுவர முடியும், இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் சேர்க்க முடியும், தடையில்லாமல் புரள முடியும். மற்றது எஸ்.டி.என்.ஆர். இது பிறக்கும்போது இருக்காது, நான்கிலிருந்து ஆறு மாதத்தில் தோன்றும். தலை நிமிர்ந்தால் கைகள் நீண்டு முழங்கால்கள் மடங்கும். தலை குனிந்தால் கைகள் மடங்கிக் கால்கள் நீளும். தவழத் தயாராகும் பிள்ளை முன்னும் பின்னும் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள், அது இந்தக் காலத்தில்தான். ஒரு வயதளவில் இதுவும் அடங்கும்.

கடைசியாக, அடங்காமல் வாழ்நாள் முழுவதும் நிற்பது ஒன்று. பிள்ளையைப் பிடித்துக் கவிழ்த்து நிலத்தை நோக்கிச் சாய்த்தால் இரண்டு கைகளையும் முன்னால் ஊன்ற நீட்டும். பரசூட் தெறிவினை, எட்டு ஒன்பது மாதத்தில் வரும். பழையது போனதா என்பதோடு இந்தப் புதியது வந்ததா என்பதையும் வைத்தியர்கள் பார்ப்பார்கள்.

பிறந்த சில நாளில் பிள்ளையைத் தூக்கிப் பாதத்தை மேசையில் பட வைத்தால் அடியெடுத்து வைக்கும். "நடக்கிறான் பாருங்கள்" என்று வீடே கூடும். இரண்டு மாதத்தில் அது காணாமல் போனதும் சிலர் கவலைப்படுவார்கள். 1984இல் எஸ்தர் தெலன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவரது குழுவினரும், சில கிழமை வயதுப் பிள்ளைகளைக் கால்கள் மூழ்கும்படி தண்ணீரில் நிறுத்திப் பார்த்தார்கள். கால் பாரம் குறைந்ததும் முன்னைவிடக் கூடுதலாக அடியெடுத்து வைத்தன. பிள்ளையின் காலில் சதை வேகமாகச் சேர்ந்தது, தூக்கும் பலம் இன்னும் சேரவில்லை. அந்த நடை மறைந்ததில் இதற்கும் பங்கு இருந்தது. தெறிவினை என்றால் மூளை மட்டும் என்று நினைக்காமலிருக்க இந்தச் சோதனை உதவும்.

மாதக் கணக்கில் ஒரு திருத்தம் அவசியம். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு, பிறக்க வேண்டிய திகதியிலிருந்துதான் எண்ண வேண்டும். எட்டுக் கிழமை முந்திப் பிறந்த பிள்ளை ஆறு மாதத்தில் நான்கு மாதப் பிள்ளை. இதை மறந்து இரவு நித்திரையை இழந்த பெற்றோரை நிறையக் கண்டிருக்கிறேன்.

படி 2: ஊசி நாட்களை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்

நமது நாட்டில் பிள்ளைக்கு 2, 4, 6, 9, 12 மாதங்களில் தடுப்பூசிக்குப் போகிறோம். தெறிவினைகள் மாறும் காலமும் ஏறக்குறைய இதே மாதங்கள்தான். தனியாக நாட்குறிப்பு வேண்டாம். ஊசிக்குப் போகும் கிழமையில் பத்து நிமிடம் பிள்ளையைக் கவனித்துப் பாருங்கள்.

2 மாதத்தில் மோரோ இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா, குப்புறப் போட்டால் கொஞ்சமாவது தலையைத் தூக்குகிறதா என்று பாருங்கள். 4 மாதத்தில் தலை நிற்க வேண்டும், விரல்கள் பெரும்பாலும் திறந்திருக்க வேண்டும், கைகள் நெஞ்சுக்கு நடுவே சந்திக்கத் தொடங்க வேண்டும். 6 மாதம்தான் முக்கியமான நாள். மோரோவும் வாள் வீச்சு நிலையும் கைப்பிடியும் அடங்கி, பிள்ளை இரண்டு கையாலும் பொருளை எட்டி எடுக்க வேண்டும். 9 மாதத்தில் பிடியில்லாமல் உட்காருகிறதா, விழப் போனால் கையை ஊன்றுகிறதா? 12 மாதத்தில் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறதா, ஒரு கையை மட்டுமல்லாமல் இரண்டையும் பாவிக்கிறதா?

தவழாமல் நேரே நடந்த பிள்ளைகளும் நிறைய உண்டு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது தவழ்தலை எடுத்தே விட்டது. மற்ற எல்லாம் ஒழுங்காக இருந்தால், தவழவில்லை என்பதற்காக மட்டும் சிகிச்சை தேடி அலைய வேண்டாம்.

படி 3: வீட்டில் எப்படிப் பார்ப்பது

பிள்ளை பால் குடித்து முடித்து, அழாமல், விழித்திருக்கும் நேரம் நல்லது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி வீடுகளில் இடம் குறைவுதான். ஆனாலும் தரையில் ஒரு பாய் விரித்து, மேலே மெல்லிய துணி போட்டால் போதும். மெத்தையில் பிள்ளை புதைந்துவிடும், உண்மையான அசைவு தெரியாது. சட்டையைக் கழற்றுங்கள், விளக்கைப் போடுங்கள், போனை ஒரு இடத்தில் சாய்த்து வைத்து இரண்டு நிமிடம் படமெடுங்கள். தலையிலிருந்து கால் வரை தெரிய வேண்டும். பிள்ளையோடு கதைக்க வேண்டாம், பொம்மை காட்ட வேண்டாம், தானாக அசையட்டும்.

சோதனை செய்வது வைத்தியரின் வேலை. மோரோவைப் பார்க்கவென்று தலையைக் கைவிட்டுப் பார்ப்பதோ, பிள்ளையைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பதோ கூடவே கூடாது. கதவு அடிபடும்போது, குளிக்க வார்க்கும்போது, உடுப்பு மாற்றும்போது தானாக வருவதைப் பார்த்தாலே போதும்.

பிறந்து மூன்றாம் மாதத்திலிருந்து ஐந்தாம் மாதம் வரை எடுத்த வீடியோக்களை அழிக்காதீர்கள். அந்த வயதில் சுகமான பிள்ளையின் கை, கால், கழுத்து எல்லாம் ஓயாமல் சின்னச் சின்னதாக, எல்லாத் திசையிலும் நெளிந்துகொண்டிருக்கும். அந்த நெளிவு இருக்கிறதா இல்லையா என்பதைப் பயிற்சி பெற்றவர் வீடியோவைப் பார்த்தே கணிக்க முடியும். ஹைன்ஸ் பிரெக்டல் என்பவர் வளர்த்தெடுத்த இந்த முறை, பெருமூளை வாதத்தை முந்திக் கண்டுபிடிக்க இன்று உலகம் முழுவதும் பயன்படுகிறது. தெறிவினைகளைத் தட்டிப் பார்ப்பதைவிட இது நம்பகமானது.

படி 4: எப்போது காத்திருக்கக் கூடாது

"ஆம்பிளைப் பிள்ளைகள் கொஞ்சம் பிந்தித்தான்" என்று உறவினர்கள் சொல்வார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் கீழே சொல்பவற்றில் ஒன்றைக் கண்டாலும் அடுத்த ஊசி நாள் வரை பொறுக்க வேண்டாம்.

மோரோ வரும்போது ஒரு கை மட்டும் விரிந்து மற்றது கிடப்பது. பிரசவத்தில் தோள்பட்டை நரம்பு இழுபட்டிருக்கலாம், காறை எலும்பு முறிந்திருக்கலாம். பிறந்த பிள்ளையிடம் மோரோ அறவே இல்லாதிருப்பது. ஆறு மாதம் தாண்டியும் அது பலமாக வருவது. எந்த வயதிலும், வாள் வீச்சு நிலையில் பிள்ளை சிக்கிக்கொண்டது போலக் கிடந்து அதிலிருந்து வெளியே வர முடியாமல் இருப்பது. சுகமான பிள்ளை அந்த நிலைக்குப் போனாலும் தானாகவே கலைந்துவிடும். பெருவிரலை உள்ளே வைத்து எப்போதும் பொத்திய கை. தூக்கினால் கால்கள் கத்தரிக்கோல் போலக் குறுக்கே இறுகுவது, அல்லது உடம்பு துவண்டு நழுவுவது. ஒரு வயதுக்கு முன்னரே ஒரே கையைத்தான் நீட்டுவது: "இவன் இடக்கைக்காரன்" என்று சந்தோஷப்படும் நேரமல்ல அது, மற்றக் கை ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டும். 9 மாதத்தில் உட்காராதது, 18 மாதத்தில் நடக்காதது. செய்துகொண்டிருந்த ஒன்றைப் பிள்ளை விட்டுவிடுவது.

எல்லாவற்றிலும் அவசரமான ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில், சத்தமோ அசைவோ காரணமில்லாமல், பிள்ளையின் தலை குனிந்து கைகள் சட்டென்று விரிந்து அல்லது மடங்கி, சில நொடியில் தளர்ந்து, மறுபடி அதே மாதிரி, தொடர்ச்சியாகப் பல தடவை வந்தால் அது மோரோ அல்ல. குறிப்பாக நித்திரையால் எழும்பும்போது இப்படித் தொடராக வரும். பார்ப்பதற்கு மோரோ போலவே இருப்பதால் வீட்டில் மட்டுமல்ல, வெளியிலும் சிலர் "பயம்" என்று விட்டுவிடுவார்கள். இது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். 1841இல் வில்லியம் வெஸ்ட் என்ற ஆங்கில வைத்தியர் தன் சொந்த மகனிடம் கண்டு எழுதியது இதைத்தான். இன்றும் வெஸ்ட் நோய்க்குறி என்றே சொல்கிறார்கள். மருந்து தொடங்குவது ஒவ்வொரு நாள் பிந்துவதும் பிள்ளையின் வளர்ச்சியைப் பாதிக்கும். ஒரு தொடரை வீடியோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே சிறுவர் வைத்தியசாலைக்குப் போங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டும் வலிப்பென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், அது இலவசம்.

படி 5: கொழும்பில் எங்கே தொடங்குவது

உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்தான் முதல் கதவு. மாநகர சபை எல்லைக்குள் இருந்தால் சபையின் தாய் சேய் கிளினிக், வெளியே இருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் நிறை கீறும் பக்கத்தோடு வளர்ச்சி மைல்கற்களுக்கும் பக்கம் உண்டு. பல வீடுகளில் அது வெறுமையாகக் கிடக்கிறது. அதை நிரப்பிக்கொண்டு போனால் கிளினிக் டொக்டர் துண்டு எழுதுவதற்கு அதுவே போதுமான ஆதாரம்.

அங்கிருந்து பெரும்பாலும் பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். குறைமாதத்திலோ பிரசவச் சிக்கலோடோ பிறந்த பிள்ளையென்றால், பிறந்த வைத்தியசாலையின் தொடர் கிளினிக்கை விடாதீர்கள். பலர் பிள்ளை நிறை ஏறியதும் நின்றுவிடுகிறார்கள். வடக்குப் பக்கம் இருப்பவர்களுக்கு றாகமையில், களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்து இயங்கும் ஆயதி நிலையம் இருக்கிறது. மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கான பல சிகிச்சைகள் அங்கே ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். தனியார் வைத்தியசாலைகளில் விரைவாக நேரம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் சிகிச்சை மாதக் கணக்கில் போகும் விஷயம். அரச கிளினிக்கில் ஒரு கொப்பி திறந்து வைத்துவிட்டு, தேவையானால் பக்கத்தில் தனியாருக்கும் போவதே புத்திசாலித்தனம் என்பது என் எண்ணம்.

கொண்டுபோக வேண்டியவை: சுகாதாரப் பதிவேடு, பிரசவ வைத்தியசாலையின் டயக்னோசிஸ் கார்ட், வீடியோ உள்ள போன், இரண்டு நேரத்துக்கான பால் அல்லது சாப்பாடு. கேள்விகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சிங்களம் உங்களுக்குச் சந்தைக்குப் போதும், ஆனால் நரம்பைப் பற்றிப் பேசப் போதாது என்றால் தயங்காமல் சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். "விளங்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று கேட்பதற்கும் உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஒரு தெறிவினையை மட்டும் வைத்து எந்த நல்ல வைத்தியரும் நோய்க்குப் பெயர் சூட்ட மாட்டார். தசையின் இறுக்கம், இரண்டு பக்கமும் சமமா, தலைச் சுற்றளவு, பார்வை, செவிப்புலன், பிள்ளை எதைச் செய்ய முயல்கிறது என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார், தேவையானால் ஸ்கேன். முதல் நாளே விடை கிடைக்காவிட்டாலும் சிகிச்சையைத் தொடங்கலாம். பெயர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

படி 6: சிகிச்சையில் தெறிவினை எங்கே வருகிறது

மூளை பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் தெறிவினை அடங்காமல் நிற்பது பாதிப்பின் விளைவு. தெறிவினையைத் துரத்தினால் பாதிப்பு போய்விடும் என்று ஒரு காலத்தில் பலர் நம்பினார்கள். பிள்ளையின் தலையையும் கைகால்களையும் பல பேர் சேர்ந்து நாளெல்லாம் அசைக்கும் டோமன் டெலகாட்டோ முறையும் கிட்டத்தட்ட அப்படியான ஒரு நம்பிக்கையில் பிறந்தது. அதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 1982இலும், மறுபடி 1999இலும் அறிக்கை விட்டது. குடும்பத்தின் நேரத்தையும் பணத்தையும் அது உறிஞ்சிவிடும் என்பதையும் எடுத்துச் சொன்னது.

இன்று பலன் தருவதாகத் தெரிந்திருப்பவை வேறு. அவுஸ்திரேலியாவின் ஐயோனா நோவாக்கும் சக ஆய்வாளர்களும் 2013இல் பெருமூளை வாதச் சிகிச்சைகளையெல்லாம் சலித்துப் பார்த்தார்கள். பிள்ளை தானாகச் செய்யும் இலக்குள்ள பயிற்சி, பலவீனமான கையைப் பாவிக்க வைக்கும் பயிற்சி, இரு கைப் பயிற்சி, வீட்டில் செய்யும் திட்டம் ஆகியவை முன்னுக்கு வந்தன. ஒருவர் அசைக்கப் பிள்ளை சும்மா கிடக்கும் சிகிச்சைகள் பின்னுக்குப் போயின.

அப்படியானால் தெறிவினையைப் பற்றித் தெரிந்து என்ன பயன்? பிள்ளையை எப்படி வைப்பது, எந்தப் பக்கம் இருந்து பேசுவது, எப்படி ஊட்டுவது என்பதில் பெரிய பயன் இருக்கிறது. என் மகளுக்கு வாள் வீச்சு நிலை பலமாக இருந்த காலத்தில், பிசியோதெரபி மிஸ் என் கதிரையைப் பக்கத்திலிருந்து நேர் முன்னுக்கு நகர்த்தினார். கரண்டி நடுவிலிருந்து, வாயைவிடச் சற்றுத் தாழ்வாக வந்தது. தலை திரும்பவில்லை, கை விறைக்கவில்லை, அன்று சோறு முழுவதும் உள்ளே போனது.

இதே அறிவு மற்ற வேலைகளிலும் உதவும். தலை பின்னால் சரிந்தால் முழு உடம்பும் விறைத்து நீளும் பிள்ளையை, இடுப்பையும் முழங்காலையும் மடித்து, தலை சற்று முன்னால் இருக்கத் தூக்குங்கள். உட்காரும்போது இடுப்பு நன்றாகப் பின்னுக்குப் போய், பாதம் எதிலாவது ஊன்றியிருக்க வேண்டும். பொம்மையை நடுவில் பிடியுங்கள். பக்கவாட்டில் படுக்க வைத்தால் இரண்டு கையும் கண்ணுக்கு முன்னால் தானாகச் சேரும். விழித்திருக்கும்போது மட்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். உடுப்பு மாற்ற முதல் மெதுவாகப் பேசி, நெஞ்சில் கையை வைத்துச் சொல்லிவிட்டுத் தூக்கினால் மோரோ குறையும். எந்த நிலை உங்கள் பிள்ளைக்குப் பொருந்தும் என்பதைத் தெரபிஸ்ட்டிடம் செய்து காட்டச் சொல்லி, அவர் முன்னால் நீங்களும் ஒரு தடவை செய்துவிட்டு வாருங்கள்.

படி 7: பள்ளிக்கூடப் பிள்ளைக்கு "ரிஃப்ளெக்ஸ் தெரபி"

இரண்டாவது வீட்டாருக்கு வருகிறேன். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க நெருங்க, வாசிப்பில் பின்தங்கும், ஓரிடத்தில் இருக்க மாட்டாத பிள்ளைகளின் பெற்றோர் எதையும் செய்யத் தயாராகிவிடுகிறார்கள். அந்தப் பரிதவிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்: நடக்கும், ஓடும், சாதாரணமாக விளையாடும் பிள்ளையிடம் ஒரு தெறிவினையின் மிச்சம் தெரிவதும், படிப்புச் சிக்கல் அதனால்தான் வந்தது என்பதும் இரண்டு வேறு விஷயங்கள். படிப்பில் எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகளிடமும் அந்த மிச்சம் காணப்படுகிறது.

ஆதாரமே இல்லையா என்றால், கொஞ்சம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு லான்செட் இதழில் வட அயர்லாந்தைச் சேர்ந்த ஓர் ஆய்வு வந்தது. வாசிப்புச் சிக்கலும் வாள் வீச்சு நிலையின் மிச்சமும் உள்ள, 8 முதல் 11 வயதுக்குட்பட்ட 60 பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். பிறந்த பிள்ளையின் அசைவுகளை ஒத்த பயிற்சியை ஒரு குழு ஒரு வருடம் செய்தது; அவர்களின் வாசிப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறியது. ஒழுங்காக நடத்திய ஆய்வு, ஆனால் பயிற்சி செய்த குழுவில் 20 பிள்ளைகள்தான். இதை வைத்து ஓட்டிசத்துக்கும் கவனக்குறைவுக்கும் எழுத்துக் கோளாறுக்கும் ஒரே மருந்து என்று விற்பதற்கு நியாயம் இல்லை.

பணம் கட்ட முன் செய்ய வேண்டியவை வேறு இருக்கின்றன. கண்ணையும் காதையும் சோதியுங்கள். பிள்ளை வீட்டில் தமிழ் கதைத்து, வகுப்பில் ஆங்கிலத்தில் படித்து, வீதியில் சிங்களம் கேட்கும் கொழும்புப் பிள்ளையா என்று ஆசிரியரோடு பேசுங்கள். எந்த மொழியில் எந்த எழுத்தில் தடுமாறுகிறது என்று பாருங்கள். வாசிப்புச் சிக்கலுக்கு முதல் சிகிச்சை வாசிப்பைப் படிப்படியாக, ஒலியும் எழுத்துமாகச் சொல்லிக் கொடுப்பதுதான். பென்சில் பிடியும் எழுத்தும் பிரச்சினையென்றால் தொழில்வழிச் சிகிச்சையாளர். கதைப்பதில் பின்தங்கினால் பேச்சு சிகிச்சையாளர்.

இதன் பிறகும் ரிஃப்ளெக்ஸ் பயிற்சியைச் செய்து பார்க்க விரும்பினால், நடத்துபவரிடம் நேரே கேளுங்கள். உங்கள் படிப்பும் பதிவும் என்ன? எந்த அன்றாடக் காரியத்தில் மாற்றத்தை எதிர்பார்க்கிறீர்கள்? எத்தனை கிழமையில்? மாறாவிட்டால் நிறுத்துவோமா? மருந்தையோ மற்றச் சிகிச்சையையோ நிறுத்தச் சொல்பவரிடம், "நூறு வீதம் குணமாகும்" என்பவரிடம், மொத்தத் தொகையையும் முதல் நாளே கேட்பவரிடம் போக வேண்டாம்.

படி 8: வீட்டில் செய்யக்கூடியவை

கைப்பிள்ளைக்கு: விழித்திருக்கும்போது குப்புறப் போடுவது. பிறந்த முதல் கிழமையிலிருந்தே, அம்மாவின் நெஞ்சில் ஒரு நிமிடம் இரண்டு நிமிடமாகத் தொடங்கிக் கூட்டலாம். நித்திரைக்கு மட்டும் எப்போதும் மல்லாக்க. ஏணையிலும் கார் சீட்டிலும் நாளின் பெரும் பகுதி போகாமல் பாருங்கள். அசையத் தரை வேண்டும். எண்ணெய் தேய்த்து மெதுவாக நீவுவது நல்லது, மூட்டைச் சொடுக்கி இழுப்பது கூடாது. புறக்கோட்டையில் வரிசையாகத் தொங்கும் பேபி வோக்கரை வாங்க வேண்டாம். நடையை விரைவாக்காது, படியிலிருந்து விழ வைக்கும். கனடா 2004இல் அதன் விற்பனையையே தடைசெய்துவிட்டது.

மூன்று நான்கு வயதுக்கு மேல்: கரடி நடை, நண்டு நடை, பல்லி மாதிரி ஊர்வது, தலையணைகளுக்கு மேலால் ஏறி இறங்குவது, பந்தைப் பிடிப்பது. காலிமுகத்திடலில் பட்டம் விடுவதும் தெஹிவளைக் கடற்கரை மணலில் ஓடுவதும் பயிற்சிதான். தெறிவினை "ஒருங்கிணையும்" (அதாவது அடங்கிவிடும்) என்பதற்காக இல்லாவிட்டாலும் தசைக்கும் சமநிலைக்கும் நல்லவை, செலவும் இல்லை. எழுதும்போது பாதம் நிலத்தில் ஊன்றும் உயரத்தில் கதிரை இருக்கட்டும். எட்டாவிட்டால் காலுக்குக் கீழே ஒரு சின்ன வாங்கு.

சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்குப் பயிற்சி நேரம் என்று தனியாக ஒரு மணித்தியாலம் ஒதுக்குவது வேலைக்குப் போகும் வீட்டில் நடக்காது. குளிப்பு, சாப்பாடு, உடுப்பு, பின்னேர விளையாட்டு என்று நாளில் ஏற்கெனவே உள்ளவற்றுக்குள் ஒவ்வொன்றாகச் செருகுங்கள். அப்பப்பாவுக்கும் வீட்டில் உதவிக்கு இருப்பவருக்கும் ஒரே மாதிரிப் பழக்கிவிடுங்கள்.

முதல் நாளே தெரபிஸ்ட்டோடு ஒரு இலக்கை எழுதிக்கொள்ளுங்கள். "ஏ.டி.என்.ஆர். குறைய வேண்டும்" என்று எழுத வேண்டாம், "இரண்டு கையாலும் கோப்பையைப் பிடிக்க வேண்டும்" என்று எழுதுங்கள். அன்று ஒரு வீடியோ, மூன்று மாதம் கழித்து அதே கோப்பையோடு அதே இடத்தில் இன்னொரு வீடியோ. இரண்டையும் தெரபிஸ்ட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். முன்னேறியிருந்தால் அடுத்த இலக்கை அங்கேயே எழுதி வாங்குங்கள். அப்படியே இருந்தால் எதை மாற்றப் போகிறோம் என்று கேட்டு, அதையும் அங்கேயே எழுதி வாங்குங்கள்.